காற்றைக் காக்கும் வளையம்

கடலுக்குள் காற்றை அடைத்துவைப்பது முக்குளிப்புக் கருவிகளின் முதல் வேலை. அந்த வேலை தோலிலிருந்து ரப்பருக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1830களில் லண்டனில் ஆகஸ்டஸ் சீபே வடிவமைத்த மூடிய முக்குளிப்பு உடையின் செம்புத் தலைக்கவசம், மார்புத்தகட்டோடு திருகிச் சேரும் இடத்தில் எண்ணெயில் ஊறிய தோல் வாஷர்தான் நீரைத் தடுத்தது. அன்றைய பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையான நெகிழ்ச்சி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்து, 1844இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே ரப்பர் நம்பத்தக்க பொருளானது.

ஆயினும் அக்காலத்து அடைப்புகள் பெரும்பாலும் இறுக்கத்தையே நம்பியிருந்தன. இந்த முறையை மாற்றியவர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன். தம் 72ஆம் வயதில், 1937இல், அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1939இல் கிடைத்தது. ரப்பர் வளையத்தின் தடிமனைவிடச் சற்று அகலமான காடிக்குள் அதை வைத்தார். அழுத்தம் ஏறும்போது வளையம் காடியின் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கே நசுங்கி இடைவெளியை மூடும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் உறுதியாகும். ஓ-ரிங் எனப்படும் இந்த வளையம் இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ஹைட்ராலிக் கருவிகளுக்கு இன்றியமையாததாக இருந்ததால், பல நிறுவனங்களும் அதைத் தயாரிக்க அமெரிக்க அரசு வழிசெய்தது.

அதே போர்க்காலத்தில், 1943இல், பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமீல் கஞ்யானும் நீருக்கடியில் சுவாசிக்க உதவும் அக்வா-லங் கருவியை உருவாக்கினர். போருக்குப் பின் முக்குளிப்பு பொழுதுபோக்காகப் பரவியபோது சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் ஓ-ரிங் இடம்பிடித்தது. இவ்விரண்டும் சேரும் இடத்தில் இரு வகை இணைப்புகள் உண்டு. யோக் வகையில் வளையம் வால்வின் முகப்பில் அமரும். டின் (DIN) வகையில் ரெகுலேட்டரின் திருகு முனையில் அமர்ந்து, உலோகத்துக்கு நடுவே சிறைப்படும். எனவே 300 பார் அழுத்தத்துக்கு டின் வகையே ஏற்றது.

1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்குவதால் சாதாரணக் காற்றுக்குரிய கருவிகளில் அதுவே வழக்கமானது; ஆனால் ஓசோனும் வெயிலும் பட்டால் அதில் வெடிப்புகள் விழும். ஆக்சிஜன் மிகுந்த கலவைகள் புழக்கத்துக்கு வந்ததும் 1957இல் டூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய விட்டான் ரப்பரும், 1960களில் வந்த இ.பி.டி.எம். ரப்பரும் தேவைப்பட்டன. இ.பி.டி.எம். ஓசோனைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். வாங்கும்போது பொருளோடு அளவும் கடினமும் பார்க்க வேண்டும். ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் பொதுவான வளையங்களின் கடினம் 70; யோக் வால்வின் 014 என்ற அளவு எண் கொண்ட வளையத்துக்கு 90 ஏற்றது.

பராமரிப்பு விதிகளும் இந்தப் பொருள்களின் இயல்பிலிருந்தே பிறந்தவை. கடலிலிருந்து திரும்பியதும் கருவியை நன்னீரில் அலச வேண்டும். வளையத்தைக் கூரிய உலோகத்தால் நெம்பினால் அதிலோ காடியிலோ கீறல் விழும். பிளாஸ்டிக் குச்சி போதும். கிரீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். மிகுந்தால் மணல் ஒட்டும். உயர் அழுத்த ஆக்சிஜனில் பெட்ரோலிய, சிலிக்கோன் கிரீஸ்கள் தீப்பற்றக்கூடும் என்பதால், அங்கே புளோரின் சார்ந்த கிரீஸ் மட்டுமே பயன்படும். தட்டையான, வெடித்த, வெட்டுப்பட்ட வளையத்தைத் தயங்காமல் மாற்ற வேண்டும். உபரி வளையங்களை வெயிலும் ஓசோன் உமிழும் மின்மோட்டாரும் இல்லாத இருளான, குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.