மனசுக்குள்ள ஒரு கோயில்

போன மாசம் ரெண்டு நாள் லீவ் கிடைச்சுது. ஆணி புடுங்கினது போதும்னு லேப்டாப்பை மூடி வச்சுட்டு ஊருக்கு, அதாங்க காஞ்சிபுரத்துக்கு, கிளம்பிட்டேன். சாயங்காலம் கைலாசநாதர் கோயில். பிராகாரத்தைச் சுத்தி 58 குட்டி சன்னதிகள். கூட்டமே இல்ல. ஒரு சன்னதி நிழல்ல உட்கார்ந்தப்ப பூசலார் ஞாபகம் வந்துது.

தெரியாதவங்களுக்குச் சின்ன கொசுவர்த்தி. பூசலார் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில காசு இல்ல. தேடி அலைஞ்சும் கிடைக்கல. சரி, மனசுக்குள்ளயே கட்டிடுவோம்னு உட்கார்ந்துட்டார். சும்மா கண்ணை மூடி ஒரே நிமிஷத்துல கட்டி முடிக்கல. பொருள் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, ராத்திரி தூக்கமில்லாம வேலை. சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் வரைக்கும் ஒண்ணு விடல. கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சாச்சு.

அதே நாள்ல காஞ்சியில பல்லவ ராஜா கட்டின கற்கோயிலுக்கும் பிரதிஷ்டை. முந்தின ராத்திரி ராஜா கனவுல சிவன் வந்து, "நாளைக்கு நின்றவூர்ல பூசலார் கோயிலுக்குப் போறேன், நீ உன்னுதைத் தள்ளி வை"ங்கறார். ராஜா அங்க போய்ப் பார்த்தா, கோயிலையே காணோம்!

இது வரலாறா? கதையை விரிவாச் சொன்னவர் 12-ம் நூற்றாண்டு சேக்கிழார். அவருக்கு ரொம்ப முன்னாடியே சுந்தரர் திருத்தொண்டத்தொகையில பூசலாரோட பேரையும் ஊரையும் சொல்றார், கதையைச் சொல்லல. சேக்கிழாரும் ராஜா பேரைச் சொல்லல. ஆனா கைலாசநாதர் கோயிலைக் கட்டின ராஜசிம்ம பல்லவனோட (சுமார் 700-728) சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கேயே இருக்கு. அந்தக் காலத்துல துஷ்யந்தன் மாதிரி ராஜாக்கள் அசரீரி கேட்டது அதிசயமில்ல, இந்தக் கலியுகத்துல இவன் கேட்டானே, அதுதான் அதிசயம்ங்கற மாதிரி ஒரு ஸ்லோகம். குரல் என்ன சொல்லுச்சுன்னு இல்ல. அதை வச்சுத்தான் அந்த ராஜா இவன்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. பூசலார் கதைக்கு இது சாட்சின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கோயிலோட ஒரு அசரீரிக் கதை எட்டாம் நூற்றாண்டுலயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்குங்கறது மட்டும் நிச்சயம்.

இன்னொண்ணும் கவனிச்சேன். நான் சாஞ்சு உட்கார்ந்திருந்த சன்னதி வரிசை பூரா ராஜசிம்மனோட பட்டப்பேருங்க, இருநூறுக்கும் மேல! கோயிலுக்கே அவன் பேரைத்தான் வச்சான், ராஜசிம்மேஸ்வரம்னு. பூசலார் எங்கேயும் பேர் வெட்டல. வெட்டறதுக்குக் கல்லே இல்லையே :-)

சரி, நாமளும் முயற்சி பண்ணுவோம்னு கண்ணை மூடினேன். கோயில் எல்லாம் இல்லீங்க. பிள்ளையார்பாளையத்துல எங்க தாத்தா வீடு. வித்து, இடிச்சு, அங்க இப்ப மாடி வீடு நிக்குது. திண்ணையைக் கட்டினேன். வாசப்படியைக் கட்டினேன். உள்ளே தறி, அதோட குழி. குழிக்குப் பக்கத்துச் சுவர்ல ஒரு மாடம் இருக்கும். அது இடது பக்கமா, வலது பக்கமா? சத்தியமா தெரியல. அதுக்குள்ள திங்கக்கிழமை ரிலீஸ் நினைப்பு வந்து எல்லாத்தையும் கலைச்சுடுச்சு. மொத்தம் நாலு நிமிஷம் தாங்கியிருப்பேனா?

பூசலார் ஏழையா இருந்ததை நாம பெருசாப் பேசறோம். ஆனா அவர்கிட்ட இருந்து என்கிட்ட இல்லாதது ஒண்ணு இருந்துச்சு. ஒரே வேலையில நாள் கணக்கா, யாரும் பார்க்காதப்பவும் உட்காரக்கூடிய மனசு. அது கிராமத்துல தானா முளைச்சுடும்னு சொல்ல வரல. ஆனா அதுக்கு இடம் விட்ட வாழ்க்கை அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட முதல்ல கேட்டது, "மாடம் எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

"இடது பக்கம்டா. ஏன்?"

சும்மாத்தான்னேன். வேலை பாதியில நிக்குது, முடிக்கணும்.