பைப்பரின்

பைப்பரின் என்பது மிளகுக்குக் காரம் தரும் ஆல்கலாய்டு. உலர்ந்த மிளகின் எடையில் ஏறத்தாழ 5 முதல் 9 விழுக்காடு வரை இது இருக்கிறது. திப்பிலியிலும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் தலைமுறை தலைமுறையாக விற்றுவந்த சரக்கின் சாரம் இதுதான். கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளாக மருந்து வேதியியலார் இதைத் தனி மருந்தாகப் பார்ப்பதைவிட, மற்ற மருந்துகள் உடலில் எவ்வளவு சேர்கின்றன, எவ்வளவு நேரம் தங்குகின்றன என்பதை மாற்றும் பொருளாகவே ஆராய்ந்து வருகிறார்கள். அதில் முதன்மையான வேலைகள் சில ஜம்முவிலும் பெங்களூருவிலும் சண்டிகரிலும் நடந்தவை. மிளகு விளையும் நாடே இந்த ஆய்வில் முதன்மைப் பங்கும் வகித்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தி.

சந்தையும் ஆலையும்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் மிளகின் முன்பேர வணிகத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தியது. மிளகின் தரத்துக்கு அந்த வணிகத்தின் முதல் அளவுகோல் ‘லிட்டர் எடை’. ஒரு லிட்டர் கொள்ளும் குவளையில் மிளகை நிரப்பி, தலைதட்டி, நிறுத்துப் பார்ப்பார்கள். 550 கிராம் நின்றால் நன்றாக முற்றிய கெட்டிச் சரக்கு. எடை குறையக் குறைய விலையும் இறங்கும்.

சாறு எடுக்கும் ஆலைகளின் கணக்கு இதற்கு நேர் எதிர். கொச்சியை அடுத்த கோலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் போன்ற நிறுவனங்கள் மிளகிலிருந்து ஓலியோரெசின் எனும் கெட்டிச் சாற்றைப் பிரிக்கின்றன. இதற்குச் சந்தையில் மதிப்புக் குறைந்த, இலேசான இளங்காய் மிளகே ஏற்றது. முற்ற முற்ற மாவுச்சத்து ஏறி மணி கனக்கிறது. இளங்காயில் எடைக்கு எடை காரம் கூடுதல்.

அந்தக் காரம் காயில் எப்படி உருவாகிறது என்பதை ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள லைப்னிட்ஸ் தாவர உயிர்வேதியியல் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பைப்பரின் உருவாவதன் கடைசிப் படியைச் செய்யும் நொதியை அவர்கள் இனங்கண்டு ‘பைப்பரின் சிந்தேஸ்’ என்று பெயரிட்டார்கள். அந்த நொதி வளரும் இளங்காய்களில்தான் மும்முரமாக வேலை செய்கிறது. ஆலைக்காரர்களின் தேர்வுக்கு மூலக்கூறு அளவில் கிடைத்த விளக்கம் என்றே இதைச் சொல்லலாம்.

அமைப்பு

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஓர்ஸ்டெட் 1819இல் பைப்பரினைப் பிரித்தெடுத்தார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை அடுத்த ஆண்டே கண்டு உலகப் புகழ் பெற்றவரும் இவரேதான். பைப்பரின் மூலக்கூறில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. தூய பைப்பரின் இளமஞ்சள் படிகமாக இருக்கும். தண்ணீரில் மிக அரிதாகவே கரையும், சாராயத்தில் கரையும். 1882இல் ரூக்ஹைமர் என்ற ஜெர்மானியர் இதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்.

காரக் கரைசலில் (ஆல்கலியில்) கொதிக்கவிட்டால் இது இரண்டாக உடைகிறது: ஒன்று பைப்பரிக் அமிலம், மற்றொன்று பைப்பரிடின் எனும் ஆறணு வளையம். இன்றைய மருந்துகளில் மிக அடிக்கடி காணப்படும் வளையங்களில் பைப்பரிடினும் ஒன்று. மனநோய்க்கான ஹாலோபெரிடால், வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடு, மறதிநோய்க்கான டோனெபெசில், வலி நீக்கும் ஃபென்டானில் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ‘பைப்பர்’ என்ற இலத்தீன் சொல் ‘பிப்பலி’ எனும் திப்பிலியின் பெயரிலிருந்து கிரேக்கம் வழியாகப் போனது. திப்பிலியின் பெயர் இப்படி உலகின் மருந்துக்கடைகள் எங்கும் பரவிக் கிடக்கிறது.

பைப்பரினுக்கு ஒளி ஆகாது. கரைசலில் வெளிச்சம் பட்டால் அதன் இரட்டைப் பிணைப்புகள் திரும்பிக்கொண்டு, காரம் குறைந்த வேறு வடிவங்களாகிவிடும். அதனால் ஆய்வகத்தில் மிளகுத் தூளை எத்தனாலில் கரைத்துப் பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, வெளிச்சம் படாமல் காத்து, 343 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சுவதை அளக்கிறார்கள். உரிமையோடு ஒன்று சொல்லலாம்: அரைத்த மிளகுத் தூளைச் சன்னலோரத்துக் கண்ணாடிச் சீசாவில் வைக்காதீர்கள்.

திரிகடுகத்திலிருந்து மாத்திரைக்கு

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் திரும்பத் திரும்ப வரும். ஜம்முவின் வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் (இன்றைய இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம்) சி. கே. அடல், இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுக்கும் ஆடாதொடையோடு திப்பிலி ஏன் சேர்கிறது என்று கேட்டார். 1979இல் அவர் முன்வைத்த கருத்து இது: திப்பிலி தானாக நோயைத் தீர்ப்பதில்லை, கூட வரும் மருந்து இரத்தத்தில் சேரும் அளவை உயர்த்துகிறது. ஆடாதொடையின் வாசிசின் திப்பிலியோடு கொடுத்தால் இரத்தத்தில் கூடுதலாகச் சேர்வதை அடுத்து வந்த சோதனைகள் காட்டின. செயலைச் செய்யும் பொருள் பைப்பரின் என்று தெரியவந்தது.

காரணம் பின்னர் துலங்கியது. வெளியிலிருந்து வரும் பல பொருள்களை உடல் இரண்டு வகையாகத் தடுக்கிறது. குடல் சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரதம் எனும் புரதம் உள்ளே வந்ததைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளும். குடலிலும் ஈரலிலும் உள்ள சிஒய்பி 3ஏ4 போன்ற நொதிகள் அதை உருமாற்றி வெளியேற்றும். பைப்பரின் இந்த இரண்டு காவலையும் தளர்த்துகிறது.

ஜம்மு ஆய்வகமும் அகமதாபாத்தின் காடிலா பார்மசூட்டிகல்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ரிசோரின்’ எனும் காசநோய் மருந்து 2009இல் சந்தைக்கு வந்தது. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக அதில் 200 மில்லிகிராம். கூடவே ஐசோனயசிட் 300, பைப்பரின் 10 மில்லிகிராம். ஜம்முவிலிருந்தே 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு நுண்ணுயிர்களைப் பற்றியது. சிப்ரோஃப்ளாக்சசினை வெளியே இறைத்துவிடும் ‘நார்-ஏ’ எனும் பம்பைப் பைப்பரின் அடைப்பதால், ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அந்த மருந்துக்கு மறுபடி பணிகிறது. இது கண்ணாடிக் குழாயில் கிடைத்த முடிவு. நோயாளியின் உடலில் நிறுவப்பட்டது அன்று.

மஞ்சளோடு

எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 1998இல் வெளியானது. மஞ்சளின் குர்க்குமின் 2 கிராம் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது இருப்பதே அரிதாகத் தெரிந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் உட்சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. அந்த எண்ணை இன்று மாத்திரை டப்பாக்களில் காண்கிறோம். ஆனால் அது தொடங்கிய இடம் ஏறக்குறைய பூஜ்யம் என்பதையும், குர்க்குமின் பல சோதனைகளில் பொய்யான விடை தரும் பொருள் என்று மருந்து வேதியியலார் 2017இல் எச்சரித்ததையும் டப்பாக்கள் சொல்வதில்லை.

மறுபக்கம்

காவலைத் தளர்த்தினால் யார் நுழைகிறார் என்று பைப்பரின் பார்ப்பதில்லை. அளவு சற்றுக் கூடினாலே நஞ்சாகும் வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை எடுத்துவந்த நோயாளிகளுக்கு ஒரே ஒரு முறை 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் அந்த மருந்து உயர்ந்ததைச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் 2006இல் காட்டியது. புரோப்ரனலால், தியோஃபிலின் ஆகியவற்றுக்கும் அதேதான். அமெரிக்காவில் 2022இல், மஞ்சள் துணையுணவு எடுத்து ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றிய அறிக்கை வெளியானது. சோதிக்கப்பட்ட 7 சரக்குகளில் 3இல் பைப்பரினும் இருந்தது. நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இத்தகைய துணையுணவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. ஒரு மிளகின் எடை ஏறத்தாழ 45 மில்லிகிராம். பத்து மிளகு 450. அதில் ஐந்து விழுக்காடு என்றால் பைப்பரின் 22.5 மில்லிகிராம் வருகிறது. பெங்களூருவும் சண்டிகரும் கொடுத்த அளவு கிட்டத்தட்ட இதுவேதான். ஆனால் ரசத்தில் தட்டிப்போட்ட மிளகிலிருந்து பைப்பரின் மெல்லக் கசிந்து, சோற்றோடும் பருப்போடும் கலந்து இறங்குகிறது. ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த தூள், ஒரே விழுங்கில்.