தமிழெழுத்தும் மூன்று அடுக்குகளும்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டிற் பிறந்து, பிழைப்பை நாடி மலாயா சென்ற முத்தையா என்பார், தமிழுக்குத் தட்டச்சுப்பொறி ஒன்றை ஆக்க முனைந்தார். 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில விசைகளுள் அடக்குவது எங்ஙனம்? அவர் புள்ளியையும் விசிறியையும் எழுத்தினின்று பிரித்தார். அவற்றை அடிக்குங்கால் தாள் நகராதிருக்க 'நகரா விசை'யை அமைத்தார். 'மி' என்று அடிக்க, விசிறி முதலில் விழும். மகரம் அதன்பின் வந்து சேரும். நாவின் முறை வேறு. பொறியின் முறை வேறு.

அப்பொறியில் விசையும் எழுத்தும் வடிவமும் ஒரே இரும்பிற் பிணைந்திருந்தன. அதனாற் கேடு விளையவில்லை. தாளிற் பதிந்த எழுத்தைப் படிக்கப் பொறி வேண்டுவதில்லையன்றோ?

கணினி வந்தபோதும் அப்பழைய பிணைப்பே தொடர்ந்தது. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியினுள்ளே பதிவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றின்மீது தமிழ்வடிவம் போர்த்தப்பட்டது, அவ்வளவே. பாமினி இல்லாத கணினியிற் போர்வை விலகும். கட்டுரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். ஒரு சொல்லைத் தேடுவதும், அகரவரிசைப்படுத்துவதும் அரிதாயின.

இந்நோய்க்கு மருந்து மென்பொருட் கலையில் முன்னரே இருந்தது. ஹொலந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1968 இல், கணினியின் இயக்கமுறைமையை அடுக்கடுக்காகக் கட்டிய வகையை விளக்கினார். ஓர் அடுக்கு தன் கடமையை மட்டும் ஆற்றும். கீழடுக்கு தரும் பயனைக் கொள்ளுமேயன்றி, அதன் உள்ளமைப்பை ஆராயாது. ஆதலின், ஒன்றை மாற்றினும் ஏனையவை நிலைகுலையா.

1991 இல் வெளிவந்த யூனிக்கோடு என்னும் ஒருங்குறி, தமிழுக்கு 128 இடங்கொண்ட தனித்தொகுதியை வகுத்தது. ககரத்தின் எண் 2965. அஃது எந்நாட்டிலும் அதுவே. 'கொ' என்பதில், கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்பினும், உள்ளே ககரமே முன்னிற்கும். இவ்வாறு எழுத்து மூன்று அடுக்காயிற்று: மேலே வடிவந்தரும் எழுத்துரு, இடையே நிலைத்த குறியீடு, கீழே உள்ளிடும் விசைப்பலகை. யாழ்ப்பாணத்தார் ரெங்கநாதன் விசைப்பலகையிலும், சென்னையார் 'தமிழ் 99' முறையிலும் அடிக்கலாம். சேமிக்கப்படும் எழுத்து ஒன்றே. எழுத்துரு அழியினும் எழுத்து அழியாது.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலிழப்பின் துயரை அம்மண் நன்கறியும். தீயின்றியே நூல் அழிவதும் உண்டு: படிக்கத் தெரிந்த எழுத்துருவோடு பனுவலும் மறைந்துபோதல். பாமினியில் உறங்கும் மடல்களும் மலர்களும் இன்னும் பல. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பது, வருந்தலைமுறைக்கு ஏட்டைப் படியெடுத்து வைத்த முன்னோர் செயலுக்கு ஒப்பாகும்.