கழுவெளி: ஏரிச் சங்கிலியும் மீட்புப் பணியும்

கழுவெளி, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே. ஓர் ஓடை வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து வங்கக் கடலில் கலக்கிறது. ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் அருகே முடிகிறது.

சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் அறிஞர்கள் கொள்வர். மரக்காணம் இன்று திண்டிவனத்திலிருந்து பிரிந்து தனி வட்டமாகிவிட்டது. தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் இன்னமும் ஒரே நாடுதான்.

வடகிழக்குப் பருவமழையில் மேட்டு ஊர் ஏரி நிறைந்து கலங்கல் வழியும். வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரியை நிரப்பும். இப்படி ஏரி ஏரியாக இறங்கி வரும் நன்னீர்தான் கழுவெளியில் சேர்கிறது. கோடையில் நீர் வற்ற, கடல்நீர் ஓடை வழியே ஏறும். சேறு வெடித்து அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். நன்னீரும் உப்பு நீரும் முறை வைத்து வருவதால்தான் இறாலும் நண்டும் பெருகுகின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் இரை தேடி வருகின்றன. முழங்கால் நீரில் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இதுதான் சோறு.

ஆக்கிரமிப்பு, இறால் பண்ணைக் கழிவு, வயலிலிருந்து வழியும் உரம், பறவை வேட்டை ஆகியவை ஏரியை நலித்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் நிலத்தடியில் கடல்நீர் புகும் ஆபத்தும் சேர்ந்தது. 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இது சேர்ந்த செய்தி 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

அரசாணைக்கு நெடுங்காலம் முன்பே மீட்புப் பணி ஊர்களில் தொடங்கிவிட்டது. 1990கள் முதல் ஆரோவில் அமைப்புகள் ஊர் மக்களோடு சேர்ந்து ஏரிகளைத் தூர்வாரின, கரையைப் பலப்படுத்தின. அவற்றில் ஒன்றான பிச்சாண்டிக்குளம் வனம் நடுக்குப்பத்தில் மரம் வளர்ப்பதோடு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூழல் கல்வியும் தருகிறது. இந்த மீட்பின் உயிர்நாடி ஊர்க்காரர்களின் உழைப்பே என்று சொல்லலாம். வரத்துக்கால் அடைபட்டால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

தொழில் துறையின் பங்கு இன்னும் குறைவு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சூழல் பாதுகாப்பும் அதில் அடங்கும். மரக்காணத்துச் சிறு உப்பள உரிமையாளர்கள் அந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். ஆனால் ஓடையின் வாயை அடைக்காமல் வைத்திருப்பது அவர்கள் கையில் இருக்கிறது. இறால் பண்ணைகள் குட்டை நீரைச் சுத்திகரித்த பிறகே ஓடையில் விட வேண்டும். நன்கொடை தர முன்வரும் நிறுவனங்கள் சரணாலய வாசலில் பெயர்ப்பலகை வைப்பதற்கு முன், மேட்டு ஊர் ஏரி ஒன்றின் வரத்துக்காலைத் தூர்வாரிக் கொடுக்கட்டும்.