வெப்பமண்டல ஈசினோபீலியா: ஒரு நோயறிதலின் வரலாறு

ஒட்டுண்ணியை அழிக்க வேண்டிய நோயெதிர்ப்பாற்றல் அளவு கடந்து தானே நோயாவதும் உண்டு. வெப்பமண்டல ஈசினோபீலியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1940இல் மதனப்பள்ளியில் காசநோய் மருத்துவம் செய்த ஃபிரிமோட்-மொல்லர், பார்ட்டன் ஆகியோர், காசநோயை ஒத்த நுரையீரல் பாதிப்பும் இரத்தத்தில் ஈசினோஃபில் வெள்ளணுக்களின் பெருக்கமும் கொண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினர். 1943இல் வெயின்கார்ட்டன் இந்நோய்க்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ எனப் பெயரிட்டு, ஆர்சனிக் மருந்தால் அது தணிவதை எடுத்துரைத்தார். ஆயினும் காரணம் விளங்கவில்லை. யானைக்கால் நோய்ப் புழுவின் மீது ஐயம் எழுந்தபோதும், நோயாளிகளின் இரத்தத்தில் நுண்புழுக்கள் காணப்படாமை அக்கருத்துக்குத் தடையாக நின்றது.

1960இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க்கணு ஆகியவற்றில் நுண்புழுக்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். மிகையான எதிர்வினை அவற்றைத் திசுக்களிலேயே தடுத்து அழித்தமையால் இரத்தத்தில் அவை தென்படவில்லை. இதற்கு நேர்மாறாக, அதே புழுத்தொற்றுடைய பலர் இரத்தத்தில் நுண்புழுக்களைச் சுமந்தும் நோய்க்குறியின்றி வாழ்கின்றனர். அவர்களிடம் புழுவுக்கு எதிரான எதிர்வினை ஒடுங்கியிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

எனவே, இரத்தத்தில் புழு இல்லாமையைத் தொற்று இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வது பிழையாகும். அப்பிழையால், டைஎதில்கார்பமசீன் மருந்தால் குணமாகக்கூடிய ஒருவர் காசநோயாளியாகவோ ஆஸ்துமா நோயாளியாகவோ கருதப்படும் இடர் நேர்கிறது.