கிணறும் குடமும்: விளம்பரக் காட்சியின் பொருளைத் தீர்மானிப்பது யார்?

முன்னுரை

சரக்கின் சிறப்பைச் சொன்னால் மறந்துபோகும், கதையாகக் காட்டினால் மனத்தில் நிற்கும் என்பது விற்பனைத் துறையில் பழகிப்போன பாடம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. காட்சி மனத்தில் நிற்க வேண்டுமென்றால், பார்ப்பவர் அன்றாடம் புழங்கும் ஒன்றை அது எடுத்தாள வேண்டும். அப்படி எடுத்தாளப்படும் ஒன்று, விளம்பரம் வருவதற்கு முன்பே அவரிடம் தனக்கென ஒரு வரலாற்றைக் கொண்டிருக்கும். ஆகவே விளம்பரதாரர் நினைவை உண்டாக்கலாம். அந்த நினைவுக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்வது பார்ப்பவரின் நிலமே. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கிழக்குப் பாலக்காட்டின் பிளாச்சிமடை, எலப்புள்ளி ஆகிய ஊர்களைக் கொண்டு இக்கருத்தை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

கருப்பொருளும் உள்ளுறையும்

வெளிப்படச் சொல்லாமல் குறிப்பால் பொருளுணர்த்தும் உள்ளுறை உவமத்துக்கு, நிலத்துக்குரியவையான கருப்பொருள்களில் தெய்வம் நீங்கலானவற்றையே நிலைக்களமாக வைக்கிறது தொல்காப்பியம். மரமும் பறவையும் நீரும் சொல்லாமலே உணர்த்துவது, கேட்பவர் அந்நிலத்தை அறிந்திருப்பதால்தான். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நீரையும் திணைவாரியாகப் பிரிக்கிறது: மருதத்துக்கு ஆறு, பொய்கை, மனைக்கிணறு, பாலைக்கு நீர் வற்றிய கூவலும் சுனையும். கிணறும் கூவலும் மனிதர் தோண்டியவையே. ஆனால் மருதத்தில் அது நிறைவைக் குறிக்கிறது, பாலையில் இல்லாமையைக் குறிக்கிறது. காட்சி விளம்பரத்தை ஆராய இதைவிடக் கூர்மையான கருவி வேண்டியதில்லை.

வாளியில் வந்த புட்டிகள்

2000களின் தொடக்கத்தில் மெக்கான் எரிக்சன் நிறுவனத்தில் பிரசூன் ஜோஷி உருவாக்கிய ‘தண்டா மத்லப் கோகோ கோலா’ (குளிர்ச்சி என்றால் கோகோ கோலா) விளம்பர வரிசை, இந்திய விளம்பர வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. அதில் ஒன்றில் ஆமிர் கான் பஞ்சாபி உழவராக வருகிறார். வயற்காட்டுக் கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிறார்; மேலே வருபவை குளிர்ந்த கோக் புட்டிகள். பானத்தின் சுவையைப் பற்றிய வாதம் எதுவும் இல்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத சிற்றூரில் குளிர்ச்சி என்றால் கிணறுதான் என்ற பட்டறிவு ஒன்றே போதுமானதாக இருந்தது. 2003இல் ஐந்து ரூபாய்க்கு 200 மில்லி புட்டியை இறக்கிக் கிராமச் சந்தையைப் பிடிக்க முனைந்த நிறுவனத்துக்கு இது பொருத்தமான உள்ளுறை. விளம்பரம் காட்டியது மருதத்துக் கிணறு. அள்ள அள்ளக் குறையாதது.

பிளாச்சிமடையின் குடம்

அதே ஆண்டுகளில் சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் அதே நிறுவனத்தின் ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. 2000இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. சுற்றியிருந்த கிணறுகளில் நீர் இறங்கியது. எஞ்சிய நீர் சமைக்கவும் குடிக்கவும் உதவவில்லை என்று மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே போராட்டப் பந்தல் எழுந்தது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். நாளிதழ்களிலும் ஆவணப்படங்களிலும் பதிந்த காட்சி, வெற்றுக் குடங்களோடு நிற்கும் பெண்கள்.

அந்தக் குடத்தையும் விளம்பரத்துக் கிணற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் நீரைப் பற்றிய கதைகள். இரண்டிலும் எதிர்பார்த்த நீர் வரவில்லை. ஒன்றில் நீருக்குப் பதில் புட்டி, மற்றதில் நீருக்குப் பதில் வெறுமை. ஆனால் கிணறு படப்பிடிப்புக்காகத் தேர்ந்தெடுத்த இடம். குடமோ அன்று காலையில் நிரம்பாத குடமேதான். முன்னது குறியீடு, பின்னது சான்று. காட்சியைக் கதையாக்கும் உத்தி இரு தரப்புக்கும் பொது; சான்றாக நிற்கும் வலிமை ஒரு தரப்புக்கே வாய்த்தது.

காட்சியின் வலிமையை மிகைப்படுத்தவும் கூடாது. நீர் இறங்கியதற்கு மழைக்குறைவே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் அமர்வோ நிபந்தனைகளுடன் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைந்தது. 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி மீண்டும் தொடங்கவில்லை. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் ₹216.26 கோடி இழப்பு என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா சட்டமாகவில்லை. குடம் நீதிமன்றத்தில் வெல்லவில்லை, நினைவில் வென்றது.

நினைவின் மறுவரவு

கோகோ கோலா விளம்பரங்களில் நடித்த நடிகர் விஜய், 2014இல் வெளிவந்த ‘கத்தி’ திரைப்படத்தில் நிலத்தடி நீரைச் சுரண்டும் குளிர்பான நிறுவனத்தை எதிர்க்கும் நாயகனானார். பார்வையாளர்கள் பழைய விளம்பரத்தை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டார்கள். விளம்பரம் மறக்கப்பட்டிருந்தால் அக்கேள்வியே எழுந்திராது. நினைவில் நிறுத்தும் வெற்றியே பிற்காலத்தில் எதிர்வாதத்துக்கு மூலதனமாகலாம்.

எலப்புள்ளியில் இது வேறு வடிவம் எடுத்தது. 2025 ஜனவரியில் ஒயாசிஸ் நிறுவனத்தின் எத்தனால், மதுபான ஆலைத் திட்டத்துக்குக் கேரள அமைச்சரவை தொடக்க அனுமதி வழங்கியதும் எதிர்ப்புக் கிளம்பியது. பேச்சுக்குப் பேச்சு பிளாச்சிமடை வந்தது. நிலத்தடி நீரைத் தொடமாட்டோம், மழைநீரைச் சேமிப்போம் என்ற விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது திட்ட அறிக்கையின் மொழி. எதிரே நின்றது, ஒரு தலைமுறையாக அவ்வட்டாரம் கண்ணால் கண்டறிந்த குடம். புதிய நிறுவனம் செய்யாத செயலுக்கும் பழைய காட்சி சாட்சி சொன்னது. அது நியாயமா என்பது வேறு கேள்வி, நினைவு இயங்கும் முறை அதுவே.

முடிவுரை

காட்சிக் கதை எவ்வளவு நாள் நினைவிலிருக்கும் என்று மட்டும் அளப்பது போதாது. நீர், நிலம், பயிர் போன்ற கருப்பொருளை விளம்பரத்தில் எடுத்தாளும் நிறுவனம், தன் ஆலை நிற்கும் ஊரில் அதே கருப்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அவ்வூர் மக்கள் முன்னிலையில் அந்தப் படத்தைத் திரையிடக் கூசாத நிறுவனமே கிணற்றைக் காட்டும் தகுதி பெறுகிறது. மற்றவர்களுக்கு, மறக்கப்படும் விளம்பரமே பாதுகாப்பு.