தளர்ச்சிக்குச் சாட்சியம்

காய்ச்சலைத் தொட்டு அறியலாம். காயத்தைக் கண்டு அறியலாம். தளர்ச்சியையோ தளர்ந்தவரே அறிவார். நான்கு படி ஏறியதும் கால் துவள்கிறது என்று முறையிடுபவரை உலகம் எளிதில் சோம்பேறி என்று தீர்ப்பளித்துவிடுகிறது. அம்முறையீட்டுக்கு மருத்துவம் சான்று தேடிய வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

அறிஞர் இப்னு சீனா தமது 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் 'ரியாளா' எனும் உடற்பயிற்சிக்குத் தந்த வரையறை நம் கவனத்துக்குரியது. ஆழ்ந்த, விரைந்த மூச்சை வருவிக்கும் விருப்பச் செயலே பயிற்சி என்பது அவர் கருத்து. மிதமான பயிற்சியில் நாடி வலுத்துப் பெரிதாவதையும், அளவு கடந்தால் அது சிறுத்துத் தளர்வதையும் அவர் பதிவு செய்துள்ளார். உழைக்கும் உடலை மூச்சாலும் நாடியாலும் அறியலாம் என்னும் எண்ணம் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏறிவிட்டது. ஆயினும் அதை அளக்கும் கருவி அன்று இல்லை.

அளவீடு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. தசை செலவிடும் பிராணவாயுவுக்கும் அதில் உண்டாகும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ஓட்டோ மேயர்ஹாஃபும், தசையின் வெப்பத்தை ஆராய்ந்த ஏ. வி. ஹில்லும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1951இல் இலண்டனில் பிரையன் மக்கார்டில், உழைத்தால் தசை வலிக்கும் ஒருவரின் முன்கைக்கு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டுப் பயிற்சி தந்தார். பிறருக்கு உயரும் லாக்டிக் அமிலம் அவருக்கு உயரவில்லை. தசையில் சேமித்த மாச்சத்தை உடைக்க இயலாத நோய் இவ்வாறு வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உயிரணுவுக்குள் பிராணவாயுவைக் கொண்டு ஆற்றலை விளைவிக்கும் நுண்ணுறுப்புகள் மைட்டோகாண்ட்ரியா எனப்படும். இவற்றின் கோளாறால் நோய் விளையலாம் என்பதை 1962இல் ஸ்வீடனில் ரோல்ஃப் லுஃப்டும் அவர்தம் குழுவினரும் ஒரு பெண்மணியின் தசையை ஆராய்ந்து காட்டினர். அதே நாட்டின் வடபகுதிக் குடும்பங்கள் சிலவற்றில், சிறு வயது முதலே சிறு உழைப்புக்கும் நெஞ்சு படபடத்து மூச்சிரைக்கும் நிலை வழிவழியாக இருந்தது. லிண்டர்ஹோமும் பிறரும் அவர்களைப் பயிற்சியில் ஈடுபடுத்தி அளந்து, 1969இல் வெளியிட்டனர். இதயம் தேவைக்கு மிஞ்சி இரத்தத்தை இறைத்தது. தசையோ பிராணவாயுவைப் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. மடை திறந்து நீர் பாய்ந்தும் வயல் குடிக்கவில்லை! இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2008இல்தான் கண்டறியப்பட்டது. நோயின் பெயர் தெளிவாகும் முன்பே, பயிற்சிச் சோதனை நோயாளியின் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

இன்றைய சோதனையும் இவ்வழியில் அமைந்ததே. நோயாளி நிலைமிதிவண்டியை மிதிக்கிறார். முகமூடி வழியே மூச்சு அளக்கப்படுகிறது. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் நோக்கப்படுகிறது. ஆரோக்கியமானவர் ஒரு லிட்டர் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிட, இதயம் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை மிகுதியாக இறைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா நோயாளரிடம் இவ்விகிதம் பன்மடங்கு உயரக்கூடும். பயிற்சிப் பழக்கம் அற்றவரும் விரைவில் களைப்பார். ஆனால் அவரிடம் இவ்விகிதம் பெரிதும் குலைவதில்லை. சோம்பலையும் நோயையும் பிரித்துக்காட்டும் இடம் இதுவே. 2003இல் 40 நோயாளரை ஆராய்ந்து வெளியான ஆய்வில், அவர்களின் உச்சப் பிராணவாயு நுகர்வு சராசரியாக ஆரோக்கியமானவர்களின் பாதியளவே இருந்தது.

எனினும் இச்சோதனை மட்டும் இறுதித் தீர்ப்பாகாது. நோய் இலேசாக இருப்பின் அளவுகள் இயல்பாகவே தோன்றலாம். எனவே தசைத்துணுக்குச் சோதனையும் மரபணுச் சோதனையும் துணைக்கு வேண்டும்.

இவ்வரலாறு நமக்கும் ஒரு பாடம் புகட்டுகிறது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. நோயாளி நோன்பை விடும் விஷயத்தில், நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லை மட்டுமன்றி, நோயாளியின் சொந்த அனுபவத்தையும் ஃபுகஹாக்கள் ஆதாரமாக ஏற்றுள்ளனர். கருவி வரும் முன்பே தளர்ந்தவரின் சொல்லுக்கு மதிப்பளித்த மரபு நம்முடையது. அவ்வாறிருக்க, பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் இளைஞரை ஐயக்கண் கொண்டு நோக்க நமக்கு என்ன உரிமை உண்டு? சோதித்து அறிவது மருத்துவரின் கடமை; அதுவரை நல்லெண்ணம் கொள்வது நம் கடமை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.